நேலபட்டு ஏரியில் எத்தனை கூடு?

திருப்பதியிலிருந்து காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாகப் போனால் சென்னை, கல்கத்தா நெடுஞ்சாலை வரும். அதில் தெற்கே திரும்பி சூளூர்பேட்டைப் பக்கம் வர வேண்டும். நடுவில் தொரவாரிசத்திரம் என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே நேலபட்டு. சின்ன ஊர்தான். ஆனால் அந்த ஊர் ஏரிக்கு ஆண்டுதோறும் விருந்தாளிகள் வருகிறார்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது வருவார்கள். கோடை வரும்போது போய்விடுவார்கள்.

அந்த விருந்தாளிகள் பறவைகள். அவற்றில் பெரியது கூழைக்கடா. தெலுங்கில் கூடபாத்து என்பார்கள்.

நேலபட்டு முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி புதிய திருப்பதி மாவட்டம் உருவானது. பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி, காளஹஸ்தி, சத்தியவேடு பகுதிகள் அதில் சேர்ந்தன. நெல்லூர் மாவட்டத்திலிருந்து கூடூர், வெங்கடகிரி, சூளூர்பேட்டைப் பகுதிகள் சேர்ந்தன. அன்று முதல் நேலபட்டு திருப்பதி மாவட்டத்து ஊர்.

இந்த ஏரியும் இதைச் சுற்றியுள்ள காடும் 1976-ல் பறவைகள் சரணாலயம் ஆயின. பரப்பு சுமார் 459 ஹெக்டேர். அதாவது ஆயிரத்து நூறு ஏக்கருக்குச் சற்று அதிகம்.

"இந்த வருஷம் பறவை நிறைய வந்திருக்கிறது" என்று ஒரு ஆண்டு பேச்சு வரும். "இந்த வருஷம் பறவையே காணோம், அழிந்துவிட்டதா?" என்று இன்னொரு ஆண்டு கேட்பார்கள். எது உண்மை? பறவைகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா? இதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கூழைக்கடாவின் குடும்பம்

கூழைக்கடா கனத்த பறவை. நான்கு முதல் ஆறு கிலோ எடை இருக்கும். சிறகை விரித்தால் ஏழு அடிக்கு மேல் வரும். நீண்ட அலகின் அடியில் தோல் பை தொங்கும். அந்தப் பையில் மீனைச் சேர்த்து வைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அந்தப் பை ஒரு வலை. மீனோடு தண்ணீரையும் மொள்ளும். தண்ணீரை வடியவிட்டு மீனை விழுங்கும். குஞ்சுக்கு ஊட்டும் மீன் வயிற்றிலிருந்து கக்கிக் கொடுக்கும் மீன்.

கூழைக்கடா தனியாகக் கூடு கட்டாது. கூட்டமாகத்தான் கட்டும். ஒரே மரத்தில் பல கூடுகள் இருக்கும். பக்கத்துக் கிளையில் நத்தை குத்தி நாரை, நீர்க்காகம், வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா எல்லாம் குடியிருக்கும். ஒரு தெருவே மரத்தின் மேல் ஏறியது போல் இருக்கும். சத்தமும் அப்படித்தான்.

ஒரு கூட்டில் மூன்று நான்கு முட்டை இருக்கும். ஒரு மாதத்தில் குஞ்சு பொரியும். பிறகு மூன்று முதல் ஐந்து மாதம் வரை குஞ்சுகள் கூட்டிலோ கூட்டின் அருகிலோ இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடு கட்டுவது முதல் குஞ்சு பறப்பது வரை ஐந்தாறு மாதம் ஆகிறது. அத்தனை மாதமும் அந்த மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும்.

ஏன் தண்ணீர்? நரி வராமல் இருக்க. காட்டுப்பூனை வராமல் இருக்க. மனிதரும் எளிதில் வராமல் இருக்க. கோட்டைக்கு அகழி போல கூட்டுக்கு ஏரி.

ஆனால் ஐந்தாறு மாதம் தண்ணீரில் நின்றால் பெரும்பாலான மரங்கள் வேர் அழுகிச் செத்துவிடும். நேலபட்டு ஏரிக்குள் நிற்பது நீர்க்கடம்பு. வெள்ளத்தில் மாதக்கணக்கில் நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இந்த மரம் இல்லாவிட்டால் இந்த ஏரியும் மற்ற ஏரிகளைப் போலத்தான் இருந்திருக்கும். கொக்கு நாலு வரும், போகும்.

சாப்பாடு எங்கே? கொஞ்சம் இதே ஏரியில் கிடைக்கும். சுற்று வட்டார ஏரிகளில் கிடைக்கும். அதற்கு மேல் பழவேற்காடு ஏரி இருக்கிறது. நேலபட்டிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது. காலையில் கூழைக்கடா எழும்பி வட்டமிடும். வெயிலில் மேலே ஏறும் சூடான காற்று அதைத் தூக்கிக்கொள்ளும். அதிகம் சிறகடிக்காமல் தூரம் போய் மீன் தின்று திரும்பும்.

ஆக, மூன்று தேவை. பாதுகாப்பான மரம். மரத்தடியில் தண்ணீர். பறந்து போய் வரும் தூரத்தில் மீன். இந்த மூன்றில் எது குறைந்தாலும் கூடு குறையும்.

ஒரு ஆண்டுக் கணக்கு போதாது

பறவையை எண்ணுவது ஆட்டை எண்ணுவது போல எளிதல்ல. ஒரே பறவை பத்து தடவை பறந்து வரும். காலையில் எண்ணினால் பாதி மீன் பிடிக்கப் போயிருக்கும். அதனால் கூட்டமாகக் குடியிருக்கும் பறவைகளின் கூட்டை எண்ணுகிறார்கள். கூடு பறந்து போகாது அல்லவா? ஒரு கூடு என்றால் ஒரு ஜோடி. நூறு கூடு என்றால் இருநூறு தாய் தகப்பன் பறவைகள். ஒவ்வொரு ஆண்டும் ஒரே பருவத்தில் எண்ண வேண்டும். ஒரு ஆண்டு மார்கழியில் எண்ணிவிட்டு அடுத்த ஆண்டு பங்குனியில் எண்ணினால் கணக்கு உதவாது.

ஒரு உதாரணம். ஒரு ஏரியில் முதல் ஆண்டு 300 கூடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. ஏரி நிறையவில்லை. 20 கூடுதான். மூன்றாம் ஆண்டு நல்ல மழை. 280 கூடு. இரண்டாம் ஆண்டு மட்டும் பார்த்தவர் "பறவை அழிந்தது" என்பார். மூன்றாம் ஆண்டு மட்டும் பார்த்தவர் "பறவை பல மடங்கு பெருகியது" என்பார். இரண்டும் தவறு. இருபது கூடு கண்ட ஆண்டில் மற்ற பறவைகள் சாகவில்லை. தண்ணீர் உள்ள வேறு ஏரிக்குப் போயிருக்கும். அல்லது அந்த ஆண்டு கூடு கட்டாமலே இருந்திருக்கும்.

கூழைக்கடா பல ஆண்டுகள் வாழும் பறவை. ஒரு ஆண்டு குஞ்சு இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளும். மழை பொய்த்த ஆண்டில் குடியானவர் விதை நெல்லை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லையா? அது போலத்தான்.

ஆனால் பத்து ஆண்டு, இருபது ஆண்டுக் கணக்கை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது இறக்கம் தெரிந்தால் அது வேறு சங்கதி. அதற்காகத்தான் 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் ஏரி, குளம், கழிமுகங்களில் பறவைகளை எண்ணுகிறார்கள். சம்பளம் வாங்காத ஆர்வலர்களே பெரும்பாலும் எண்ணுகிறார்கள்.

போனது போனதுதான் என்று ஆன இடங்கள்

மழை குறைந்து வராத பறவை மழை வந்தால் திரும்பும். வேறு விதமான இழப்பும் உண்டு.

மேற்கு கோதாவரி மாவட்டத்தில் ஆரேடு என்ற ஊர். கேரளத்தைச் சேர்ந்த பறவை அறிஞர் கே.கே. நீலகண்டன் 1946-ல் அங்கே கூழைக்கடாக்கள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டியிருப்பதைக் கண்டார். அந்தப் பகுதியில் அவை பனைமரத்து உச்சியில் கூடு கட்டின. கொல்லேறு ஏரி அவற்றுக்கு மீன் கொடுத்தது. 1970-களில் போய்ப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அந்தக் குடியிருப்பு காலியாகிவிட்டது. முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. ஒரு தலைமுறைக்குள் முடிந்துவிட்டது.

பர்மாவின் கதை இன்னும் பெரியது. 1877-ல் யூஜின் ஓட்ஸ் என்பவர் அங்கே சித்தாங் ஆற்றுச் சமவெளியில் கூழைக்கடாக் குடியிருப்பைப் பார்த்தார். லட்சக்கணக்கில் இருந்ததாக எழுதி வைத்தார். 1929 வாக்கில் ஆயிரக்கணக்கில் இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஒன்றுமில்லை.

எழுதி வைத்ததால்தான் இது தெரிகிறது. யாரும் எழுதி வைக்காத எத்தனை ஊர்களில் இப்படி நடந்ததோ!

கொல்லேறு கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 1999-ல் கொல்லேறு சரணாலயம் ஆனது. ஏரிக்குள் கட்டியிருந்த மீன் குட்டைகளின் கரைகள் 2006-ல் உடைக்கப்பட்டன. மீன் குட்டையை நம்பியிருந்தவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டம். அந்த வழக்கும் வாக்குவாதமும் நீண்ட நாள் நடந்தன. கைகலூர் அருகே ஆட்டபாக்கா என்ற இடத்தில் போதிய மரம் இல்லை. வனத்துறை தண்ணீருக்குள் இரும்புத் தாங்கிகளை நட்டது. மரம் போலவே இருக்காது. பந்தல்கால் போலத்தான் இருக்கும். கூழைக்கடா அதையும் ஏற்றுக்கொண்டது. இப்போது அங்கே பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கிறது. குண்டூர் அருகே உப்பலபாடு ஊர்க்குளத்திலும் கூழைக்கடா வாழ்கிறது. அது சாதாரண ஊர்க்குளம்தான்.

உலகக் கணக்கில் கூழைக்கடா ஆபத்தில் இருக்கும் பறவைகளின் பட்டியலில் இருந்தது. 2007-ல் ஒரு படி இறக்கி, ஆபத்தை நெருங்கும் பறவை என்று மாற்றினார்கள். இந்தியாவில் கூடு கட்டும் ஊர்கள் காப்பாற்றப்பட்டது அதற்கு முக்கியக் காரணம்.

எச்சத்தை அள்ளிய தீவும் விட்டுவைத்த ஊரும்

கூட்டமாகக் குடியிருக்கும் பறவை உலகெங்கும் உண்டு. அதில் பெயர் பெற்றது பென்குயின். பறக்காது. நீந்தும். நிமிர்ந்து நடக்கும். பனிப்பிரதேசத்தில் மட்டும் வாழும் என்று படத்தைப் பார்த்து நினைக்கிறோம். ஆப்பிரிக்காவின் தென்கோடியிலும் ஒரு வகைப் பென்குயின் உண்டு. அங்கே பனி இல்லை. நம் ஊர் போல வெயில் அடிக்கும்.

அங்குள்ள தீவுகளில் பென்குயின்களின் எச்சம் ஆண்டாண்டு காலமாகச் சேர்ந்து, ஆள் உயரத்துக்கு மேலும் கெட்டிப்பட்டுக் கிடந்தது. பென்குயின் அதைக் குடைந்து வளை செய்து முட்டையிடும். வெயில் படாது. கடல்காகம் முட்டையைத் திருடாது.

அந்த எச்சம் நல்ல உரம் என்று ஐரோப்பியர் கண்டுகொண்டார்கள். 1840-களில் கப்பல் கப்பலாக வந்து சுரண்டி எடுத்துப் போனார்கள். பாறைதான் மிஞ்சியது. வளை தோண்ட மண் இல்லை. திறந்த வெளியில் முட்டையிட்டன. வெயிலில் தாய் எழுந்து போனால் முட்டை கெட்டது. போதாததற்கு மனிதர் தின்பதற்கு முட்டையை எடுத்தார்கள். அது 1960-கள் வரை நடந்தது. பிறகு மத்தியும் நெத்திலியும் குறைந்தன. பெரிய மீன்பிடிக் கப்பல்கள் பிடித்தது போக மிஞ்சியது பென்குயினுக்குப் போதவில்லை. மீன் கூட்டமும் இடம் மாறியது. பறக்கும் பறவையானால் மீனைத் தேடித் தொலைதூரம் போய் வரலாம். குஞ்சை வைத்துக்கொண்டு நீந்தியே போய் வர பென்குயினால் முடியவில்லை.

நூறு ஆண்டுக்கு முன் அவை பத்து லட்சத்துக்கு மேல் இருந்தன. 2023-ல் முட்டையிடும் ஜோடிகள் பத்தாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. 2024-ல் மிகக் கடுமையான ஆபத்தில் உள்ள பறவை என்று அதை அறிவித்தார்கள். ஆனால் அங்கேயும் ஒரு வியப்பு உண்டு. கேப் டவுன் நகரின் அருகே ஒரு கடற்கரை. 1982-ல் இரண்டே இரண்டு ஜோடி வந்து குடியேறின. விரட்டாமல் விட்டார்கள். பின்னர் அங்கே ஆயிரக்கணக்கில் பெருகின.

எச்சத்தைப் பற்றிய இன்னொரு கதை நம் பக்கத்திலேயே இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல். அந்த ஏரியின் மரங்களில் பறவைகள் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும். தண்ணீரில் பாசி வளரும். அந்தத் தண்ணீர் மதகு வழியே கழனிக்குப் போகும். பயிர் நன்றாக விளைகிறது என்று குடியானவர்கள் கண்டார்கள். அதனால் பறவையைக் காத்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ். அவர் 1798-ல் பறவையைச் சுடக்கூடாது என்று எழுத்தில் உரிமை கொடுத்தார். படிப்பறிவு இல்லாத குடியானவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள்தான் அந்த எழுத்தைக் கேட்டு வாங்கினார்கள்.

ஒரே பொருள்தான். தீவில் அதை ஒரேயடியாகச் சுரண்டி விற்றார்கள். வேடந்தாங்கலில் பறவை இருந்த இடத்திலேயே இருந்தது. உரம் தானாகக் கழனிக்கு வந்தது. இருநூறு ஆண்டுக்குப் பிறகும் வருகிறது.

பழவேற்காட்டு மீன் யாருக்கு?

நேலபட்டுக் கூட்டின் கணக்கு நேலபட்டில் மட்டும் முடிவதில்லை. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையே முகத்துவாரங்கள் உண்டு. அலையும் ஏற்றமும் அதன் வழியே உள்ளே வர வேண்டும். மீனும் இறாலும் அதன் வழியேதான் வந்து போகும். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொள்கிறது. அடைத்தால் ஏரி கோடையில் வற்றி உப்பு ஏறுகிறது. மீன் குறைகிறது. முதலில் அடிபடுவது ஏரியை நம்பி வாழும் மீனவர் குடும்பம். கூழைக்கடாவுக்கும் அதே அடிதான். முகத்துவாரத்தைத் தூர் வார வேண்டும் என்று மீனவர்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் பறவைக்கும் பங்கு இருக்கிறது.

மீன் குட்டை வைத்திருப்பவரின் வருத்தமும் பொய்யல்ல. காசு போட்டு மீன்குஞ்சு விடுகிறார். கூழைக்கடாக் கூட்டம் இறங்கினால் அவருக்கு நஷ்டம். சிலர் பட்டாசு வெடித்து விரட்டுகிறார்கள். சிலர் குட்டையின் மேல் வலை கட்டுகிறார்கள். வலை கட்டுவதே மேல். செலவு உண்டு. ஆனால் ஒரு தடவைச் செலவு. பறவையைக் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பொது ஏரியில் தண்ணீரும் சிறு மீனும் நிறைய இருக்கும் ஆண்டில் குட்டைப் பக்கம் பறவை வருவதும் குறையும்.

2001-ல் சூளூர்பேட்டையில் பூநாரைத் திருவிழா தொடங்கியது. பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைகளையும் நேலபட்டுக் கூழைக்கடாக்களையும் பார்க்க ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள். சில ஆண்டுகள் நின்று போன அந்த விழா 2025 ஜனவரியில் மீண்டும் நடந்தது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். குஞ்சு இருக்கும் மரத்தின் கிட்டே போய்ச் சத்தம் போடக்கூடாது. பெரிய பறவை பயந்து எழுந்தால் முட்டை வெயிலில் கிடக்கும். காகம் கொத்தும். கரையில் நின்று பார்ப்பதே போதும். கூழைக்கடா ஒளிந்துகொள்ளும் பறவை அல்ல. தூரத்திலிருந்தே நன்றாகத் தெரியும்.

நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரி

ஏரிக்கரையில் வாழ்பவருக்குத் தெரிவது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. எந்த வாரத்தில் முதல் பறவை வந்தது, மதகுப் படியில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதெல்லாம் ஆடு மேய்ப்பவருக்கும் களை எடுப்பவருக்கும் தெரியும். அதை எழுதி வைத்தால் அது கணக்கு.

ஒரு நோட்டு போதும். ஆண்டு, மாதம், தேதி எழுத வேண்டும். தண்ணீர் எத்தனை படி என்று எழுத வேண்டும். கரையில் ஒரே இடத்தில் நின்று, கண்ணுக்குத் தெரியும் மரங்களில் எத்தனை கூடு என்று எண்ணி எழுத வேண்டும். மாதம் ஒரு தடவை எழுதினால் போதும். பறவை ஒன்றும் இல்லையென்றால் "இல்லை" என்றும் எழுத வேண்டும். அந்த "இல்லை" மிக முக்கியம். ஆரேட்டில் எந்த ஆண்டு முதன்முதலாகப் பறவை வராமல் போனது என்று அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் சொல்லியிருக்கும்.

பங்குனி, சித்திரையில் நேலபட்டில் தண்ணீர் இறங்கும். பறக்கக் கற்ற குஞ்சுகள் பெரிய பறவைகளோடு கிளம்பும். நீர்க்கடம்புக் கிளைகளில் சுள்ளிக் கூடுகள் வெறுமையாக நிற்கும். இலை மறைப்பு குறைந்த அந்த நாட்களில் கூடுகளை எண்ணுவது எளிது.